வீடு மகளுக்கு, கூலிக் கணக்கு யாருக்கு? மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பதினொரு வருடம் ஒரு நெல் ஆலையில் கணக்கு எழுதினேன். எந்த ஆலை என்று கேட்காதீர்கள், முதலாளி என் கல்யாணத்துக்கு வந்து பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட மனுசன். வேலைக்குப் போன முதல் நாளே சம்பளக் கொப்பியின் நடுவில் ஒரு கோடு போட்டு இடப்பக்கம் ஆணுக்கு 'ஆ', வலப்பக்கம் பெண்ணுக்கு 'பெ' என்று எழுதப் பழக்கினார்கள். ஏன் இரண்டு பக்கம் என்று எனக்குக் கேட்கத் தோன்றவே இல்லை, அது கேட்க வேண்டிய விஷயம் என்று தெரியவே சில வருடம் போனது. இப்போது மாதர் சங்கக் கூட்டத்தில், பஸ்ஸில், சாவீட்டில் கூட, யாராவது இந்த ஆண், பெண் ஏற்றத்தாழ்வுக் கதையை எடுத்தால் என்னிடம் கேட்கிற கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றுதான். அவற்றை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

எங்கள் பக்கம் வீடு வளவெல்லாம் பெண்பிள்ளை பேரில்தானே இருக்கிறது? அப்புறம் என்ன ஏற்றத்தாழ்வு?

எப்போதும் முதலில் வருகிற கேள்வி இதுதான், கேட்பதும் பெரும்பாலும் ஆண்கள்தான். கேள்வியில் பொய் இல்லை. யாழ்ப்பாணத்தையோ கொழும்பையோ விட இங்கே நிலைமை வேறு. கல்யாணம் கட்டினால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார். தாய் தன் சீதன வீட்டை மூத்த மகளுக்கு விட்டுக்கொடுத்து, பக்கத்து வளவில் சின்னதாக ஒன்று கட்டிக்கொண்டு போவதும், அடுத்த மகளுக்கு இன்னொன்று எழும்புவதும் தமிழர், முஸ்லிம் என்ற வித்தியாசம் இல்லாமல் இரண்டு பேரிடமும் இருக்கிற வழக்கம். குடி என்கிற வம்சக் கூட்டமும் தாய்வழியில்தான் போகிறது. ஆகவே புருசன் அடித்தால் "இது என் வீடு, நீ வெளியே போ" என்று சொல்லும் உரிமை எங்கள் பெண்ணுக்கு இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை, நானே பார்த்திருக்கிறேன்.

ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பாருங்கள். தாய்வழி உச்சத்தில் இருந்த, எங்கள் பக்கத்துப் பழைய வழக்கச் சட்டமான முக்குவர் சட்ட காலத்தில் கூட முதுசம் என்கிற பரம்பரைச் சொத்து ஒரு ஆணிடமிருந்து அவனுடைய சகோதரியின் மகனுக்குத்தான் போனது. வழி பெண்ணுடையது, கையாள்வது மாமனும் மருமகனும். 1876இல் வந்த மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தோடு அந்தச் சட்டம் முடிந்தது, பழக்கம் முடியவில்லை. இன்றைக்கும் கோயில் நிர்வாகம் பார்க்கக் குடிக்கு ஒரு வண்ணக்கர் என்றால் அந்தக் குடியை எண்ணுவது தாயைக் கொண்டு, வண்ணக்கராக நிற்பது மகன். வைகாசியில் கண்ணகி அம்மனுக்குச் சடங்கு வைத்து ஊரே அம்மனைக் குளிர வைக்கும் குளிர்த்தி பார்க்கிறது, பூசை செய்யும் கப்புகனார் ஆண். (இதைச் சொன்னதற்கு என் சொந்த மாமா என்னோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பரவாயில்லை, மாமி கதைத்தா.)

வயலைப் பாருங்கள். வீடு மகளுக்கு எழுதப்படுகிறது, வயல் எழுதப்பட்டாலும் விதைப்பது யார், யாருக்குக் குத்தகைக்குக் கொடுப்பது, நெல்லை எப்போது விற்பது என்பதெல்லாம் புருசனோ அண்ணனோ முடிவு செய்கிறார்கள். வயல் கண்டத்தைப் பார்க்கும் வட்டவிதானையார் கூட்டத்துக்கு அழைப்பதும் அவர்களைத்தான். உறுதியில் பெயர் இருப்பதும், காசு கையில் புழங்குவதும் வேறு வேறு விஷயம். வீடு சாப்பாடு போடாது. அந்த வீட்டை அடகு வைக்க வேண்டி வந்தால் மட்டும் கையெழுத்துக்கு அவளைத் தேடுவார்கள்.

வயலில் ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலி, பெண்ணுக்கு ஒரு கூலி ஏன்?

"ஆம்பிளை பாரம் தூக்குவான்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். நானும் ஆலையில் அதையே நம்பினேன். பிறகு ஒரு நாள் சும்மா உட்கார்ந்து கவனித்தேன். மூட்டை தூக்கும் நாட்டாமைகள் லொறி வந்தால் ஒன்றரை மணித்தியாலம் உயிரைக் கொடுத்து வேலை செய்வார்கள், பிறகு அடுத்த லொறி வரும்வரை மர நிழலில் இருந்து பீடி குடிப்பார்கள், அதைக் குறை சொல்லவில்லை, அந்த வேலைக்கு அந்த ஓய்வு வேண்டும். பெண்கள் காலை ஏழரைக்குச் சீமெந்துக் களத்தில் அவித்த நெல்லைப் பரப்பினால் வெயில் இறங்கும்வரை அதைக் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். மழை குணம் கண்டால் ஓடி ஓடி அள்ளுவார்கள். கீழே நெருப்பு, மேலே நெருப்பு. அதற்கு நான் கொப்பியில் எழுதியது 'ஆ' பக்கத்தில் எழுதியதில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் வரும். ஒரு நாள் நாட்டாமை ஒருவர் வராததால் இரண்டு பெண்கள் சேர்ந்து மூட்டை இழுத்தார்கள், அன்றைக்கு எந்தப் பக்கம் எழுதுவது என்று கேட்டேன். "பெ பக்கம்தான், வேறெங்கே" என்றார்கள். அப்போதுதான் எனக்கு விளங்கியது, பாரத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று.

இது ஒரு ஆலையின் கதை மட்டும் என்று நினைக்க வேண்டாம். மத்திய வங்கி வருடா வருடம் வெளியிடும் கூலி அட்டவணையில் நெற்செய்கைக்கு ஆண் ஒரு வரிசை, பெண் ஒரு வரிசை என்று தனித்தனியாகவே இருக்கும். நாடே ஒரு கோடு போட்டுத்தான் எழுதுகிறது.

இன்னொன்றும் நடந்தது, அதைப் பற்றி யாரும் பெரிதாகக் கதைப்பதில்லை. முன்பு அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடை என்றால் பெண்களுக்குத் தொடர்ந்து பல நாள் வேலை. களை பிடுங்குவதும் பெண்கள் கூட்டம்தான். இப்போது வெட்டு மெசின் வந்து ஒரு ஏக்கரைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிட்டுப் போகிறது, களைக்கு மருந்து அடிக்கிறார்கள். மெசினை ஓட்டுவதும் ஆண், மருந்துத் தாங்கியைத் தோளில் போடுவதும் ஆண். பெண்ணுக்கு மிஞ்சியது சிந்தின கதிர் பொறுக்குவதும், மெசின் இறங்க முடியாத சேற்றுத் துண்டில் வெட்டுவதும். வேலைநாள் குறைந்துவிட்டால் கூலியைக் கேட்டுப் பேரம் பேச முடியாது. "இந்தக் காசுக்கு வாறதெண்டா வா" என்பதோடு கதை முடிந்துவிடும்.

சட்டத்தில் இதற்கு இடம் இல்லையா?

பாதி இருக்கிறது. சமமான பெறுமதியுள்ள வேலைக்குச் சமமான ஊதியம் என்கிற சர்வதேசத் தொழில் அமைப்பின் 100ஆம் இலக்க சமவாயத்தை இலங்கை 1993இல் ஏற்றது. அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை பால் அடிப்படையில் பாரபட்சம் காட்டக்கூடாது என்கிறது, அதை மீறினால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போகலாம். ஆனால் அது அரசு செய்யும் காரியத்துக்கு. வயல்காரரையும் ஆலை முதலாளியையும் அதைக் கொண்டு பிடிக்க முடியாது. தனியார் துறைக்கென்று தனியான சம ஊதியச் சட்டம் நாட்டில் கிடையாது.

கையில் பிடிக்கக் கூடியது குறைந்தபட்ச வேதனச் சட்டம். 2016இல் மாதம் 10,000 ரூபா என்று தொடங்கியது. 2025 ஏப்ரலில் 27,000 ஆனது, நாளுக்கு 1,080. 2026 ஜனவரியிலிருந்து 30,000, நாளுக்கு 1,200. இதில் ஆண், பெண் என்ற கோடு இல்லை. கடையில், தையல் நிலையத்தில், பேக்கரியில் நிற்கும் எத்தனை பிள்ளைகளுக்கு இந்தத் தொகை கிடைக்கிறது என்று நீங்களே விசாரித்துப் பாருங்கள். "பழகுற பிள்ளை" என்று சொல்லி மூன்று வருடம் பழக வைக்கிற கடைகள் உண்டு. அந்த அளவுக்குப் பழகினால் டொக்டராகவே வந்திருக்கலாம்.

ஊழியர் சேமலாப நிதியும் அப்படித்தான். முதலாளி 12 வீதம், தொழிலாளி 8 வீதம், அதோடு நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். ஆலையில் நாட்டாமைகள் இரண்டு பேருக்கு இது கட்டினார்கள், களத்துப் பெண்கள் ஒருவருக்கும் கட்டவில்லை. "அவங்க நாளாந்தம்" என்றார்கள். அதில் ஒருத்தி ஒன்பது வருடம் நாளாந்தமாக வந்தவள். நாட்சம்பளக்காரருக்கும் இது கட்டத்தான் வேண்டும் என்பது எனக்கே அந்த வேலையை விட்ட பிறகுதான் தெரியும்.

பெண்கள்தானே இப்போது நன்றாகப் படிக்கிறார்கள்? பிறகு ஏன் வேலைக்குப் போகவில்லை?

படிப்பில் சந்தேகமே இல்லை. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழக வாசலில் பின்னேரம் நின்று பாருங்கள், வெளியே வருவது யார் என்று. நாட்டுக் கணக்கிலும் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்களில் பெண்கள்தான் அதிகம். ஆனால் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் நூற்றுக்கு எழுபது பேர் அளவில் தொழிற்படையில் இருக்கும்போது, பெண்களில் முப்பத்திரண்டு பேர் அளவில்தான். வேலை தேடியும் கிடைக்காதவர்களின் வீதமும் பெண்களிடம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

காரணம் சோம்பல் என்று சொல்கிறவர் காலை ஐந்தரைக்கு எங்கள் குசினிக்கு வரட்டும். நான் பார்த்தவரை பிரச்சினை வேலை கிடைப்பதோடு முடிவதில்லை, வேலைக்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கிறது. களுவாஞ்சிகுடியிலிருந்து மட்டக்களப்பு டவுனுக்கு வேலைக்குப் போகிற பிள்ளை பின்னேரம் ஆறு மணி பஸ்ஸைத் தவறவிட்டால் வீட்டில் விசாரணை நடக்கும். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் என்றால் அந்த பஸ்ஸே இல்லாமல் போகலாம். சின்னப் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. அம்மம்மா இருக்கிற வீடு தப்பியது, எங்கள் பக்கம் பெண் தாய் வீட்டை ஒட்டியே இருப்பதால் இந்த ஒரு விஷயத்தில் நாங்கள் கொடுத்து வைத்தவர்கள். ஆனால் அம்மம்மாவுக்கும் முழங்கால் இருக்கிறது, அவவும் களைப்பா, அதை யாரும் கேட்பதில்லை.

அப்புறம் அரச வேலை மோகம். பட்டதாரிப் பிள்ளைக்கு ஆசிரியர் நியமனம் வரும் என்று நான்கு வருடம் காத்திருப்பார்கள், இடையில் தனியாரில் ஒரு வேலை கிடைத்தாலும் "அது பொம்பிளைப் பிள்ளைக்குச் சரி வராது" என்று மறித்துவிடுவார்கள். இதே காலத்தில் தம்பி கட்டாரில் ஸ்டோர் கீப்பராக இருப்பான், படித்தது உயர்தரம் வரைக்கும். காத்திருக்கிற அக்காவுக்கு முன்பள்ளியில் கற்பிக்க இடம் தருவார்கள், நாள் முழுக்க முப்பது பிள்ளைகளின் மூக்குத் துடைத்து, மாத முடிவில் கைக்கு வருவதைச் சொன்னால் சம்பளம் என்று யாரும் நம்பமாட்டார்கள். அதைச் "சேவை" என்கிறார்கள். சேவை என்ற சொல் வந்தால் உடனே பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அந்த வேலையில் பெண்தான் இருப்பாள்.

வீட்டு வேலைக்கெல்லாம் கணக்கு வைக்க முடியுமா? அது பாசத்தில் செய்வதுதானே?

பாசம்தான், யார் இல்லை என்றது. ஆனால் பாசத்தில் செய்தாலும் நேரம் போகிறதே. இதை அரசே ஒரு தடவை எண்ணிப் பார்த்தது, தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2017இல் முதல் தடவையாக நேரப் பயன்பாட்டு ஆய்வு செய்தது, யார் எந்த மணித்தியாலத்தில் என்ன செய்கிறார்கள் என்று. சம்பளம் இல்லாத வேலையில் கூடப் பங்கு பெண்கள் தலையில் என்பது அதில் எழுத்தில் வந்துவிட்டது.

நானும் ஒரு நாள் எண்ணினேன். கணக்கு எழுதிய கை சும்மா இருக்காதே. பழைய கொப்பி ஒன்றை எடுத்து, காலையில் எழும்பியதிலிருந்து படுக்கும்வரை, தேங்காய் திருவியது, பிள்ளையின் சப்பாத்தைத் தேடியது, மாமிக்கு மருந்து கொடுத்தது, கிணற்றடி, மீன் வெட்டியது (வாவி மீன் மலிவு, ஆனால் செல்வன் மீனை வெட்டி எடுக்க ஒரு யுகம் ஆகும்), திரும்ப உலை வைத்தது என்று எழுதினேன். ஆலையில் நான் இருந்த நேரத்தை விட்டுவிட்டு ஆறேகால் மணித்தியாலம் வந்தது. என் கணவரையும் எழுதச் சொன்னேன், அவரும் நேர்மையான ஆள், ஒரு மணித்தியாலம் பத்து நிமிடம் எழுதினார், அதில் நாற்பது நிமிடம் மோட்டார் சைக்கிள் கழுவியது.

இதில் இன்னொரு இடம் இருக்கிறது. வயலிலோ, கடையிலோ, கருவாட்டு வாடியிலோ புருசனோடு சேர்ந்து வேலை செய்கிற பெண்ணை அரசுக் கணக்கில் "ஊதியமற்ற குடும்பத் தொழிலாளர்" என்று போடுவார்கள். அந்தப் பிரிவில் பெரும்பாலும் பெண்கள். கடற்கரையில் இரவு முழுக்க உப்புத் தடவி மீன் காயவைத்தவளிடம் "என்ன வேலை செய்யிறீங்க?" என்றால் "சும்மா வீட்டில் இருக்கிறன்" என்பாள். அந்தச் "சும்மா"வைக் கேட்டு எனக்கு வயிறெரியும்.

ஆண்கள் மட்டும் சுகமாக இருக்கிறார்களா?

இல்லை. இதை ஒத்துக்கொள்ளாமல் கதைத்தால் நியாயம் கிடையாது. எங்கள் பக்கத்தில் மூன்று தங்கச்சிமாருக்கு அண்ணனாகப் பிறந்தவனைப் பார்த்திருக்கிறீர்களா? ஒவ்வொரு தங்கச்சிக்கும் ஒரு வீடு எழுப்பி முடிக்கும்வரை அவன் கல்யாணம் கட்ட முடியாது. பதினெட்டு வயதில் வெளிநாடு போகிறான், முப்பத்தெட்டில் தலையில் முடி இல்லாமல் வருகிறான், அதன்பிறகு அவன் கட்டுவது இன்னொருவரின் அண்ணன் கட்டிய வீட்டுக்குள் போக. என் சின்னையாவின் மகன் ஒருவன் கடைசித் தங்கச்சியின் வீட்டுக்கு ஓடு போட்ட அன்று இரவு வாசலில் இருந்து அழுதான், சந்தோசமா கவலையா என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆகவே சீதன வீடு பெண்ணுக்கு உரிமை, பெண்ணின் குடும்பத்துக்குக் கடன், இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை இல்லை. ஆம்பிளைக்குச் சம்பாதிக்கத் தெரியாவிட்டால் மரியாதை இல்லை. வேலை பறிபோன ஆண், தன் பிள்ளைக்கு உடம்பு கழுவினால் சந்தியில் பகிடி பண்ணுகிறார்கள். நான் சொல்லவருவது, பகிடி ஒரு நாளோடு போகும், கூலி வித்தியாசம் ஆயுள் முழுக்க ஓடும், இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள் என்பதுதான்.

பெண்கள் வெளிநாட்டுக்குப் போவதால்தான் குடும்பம் குலைகிறது என்கிறார்களே?

சவூதி, குவைத், கட்டார் என்று வீட்டு வேலைக்குப் போன பெண்களின் காசில் எழும்பிய வீடுகளை எங்கள் இரண்டு மாவட்டத்திலும் தெருத்தெருவாகக் காட்டலாம். முக்கால்வாசி மகளின் சீதன வீடு. தாய் அங்கே இன்னொருவரின் குசினியில், மகளுக்கு இங்கே ஒரு குசினி. போனவள் மேல் பழி எளிதில் விழும், போக வைத்த கடன் மேல் விழாது.

2013இல் குடும்பப் பின்னணி அறிக்கை என்று ஒன்று கொண்டு வந்தார்கள். வீட்டு வேலைக்குப் போன மூதூர்ப் பிள்ளை றிசானா நபீக்குக்குச் சவூதியில் மரண தண்டனை நிறைவேற்றிய அதே வருடம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளை இருந்தால் தாய் வீட்டு வேலைக்குப் போக முடியாது, மற்றத் தாய்மாரும் பிள்ளையை யார் பார்ப்பார்கள் என்று பிரதேச செயலகத்தில் ஒப்புவிக்க வேண்டும். பிள்ளையின் பாதுகாப்புக்கு என்றார்கள், கவலை நியாயமானது. ஆனால் ஒரு வயதுப் பிள்ளையை விட்டுவிட்டு டுபாய்க்குப் போகிற தகப்பனிடம் அந்த அறிக்கையை யாரும் கேட்கவில்லை. போயே ஆக வேண்டியவர்கள் விசிற் விசாவில் போனார்கள், பதிவு இல்லாமல், பிரச்சினை வந்தால் முறையிட இடம் இல்லாமல். 2022 நெருக்கடியில் நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டதும் அந்த விதி தளர்ந்தது.

பிள்ளை பெற்றால் எத்தனை நாள் விடுமுறை?

சம்பளத்தோடு 84 நாள். கடை, அலுவலக ஊழியருக்கு ஞாயிறு, போயா போன்ற விடுமுறை நாட்கள் அதில் சேராது. தனியார் துறையில் 2018க்கு முன் மூன்றாவது பிள்ளைக்கு 42 நாள்தான், இப்போது எத்தனையாவது பிள்ளை என்றாலும் ஒன்றுதான். அரச ஊழியருக்கு அதற்குமேல் 84 நாள் அரைச் சம்பளத்திலும், இன்னொரு 84 நாள் சம்பளமில்லாமலும் எடுக்க இடமுண்டு. கர்ப்பம் என்பதற்காக வேலையிலிருந்து நிறுத்த முடியாது. பிள்ளைக்கு ஒரு வயதாகும்வரை பாலூட்ட இடைவேளையும் சட்டத்தில் உண்டு, எங்கள் பக்கம் கேட்டுப் பெற்ற ஒருத்தியைத்தான் எனக்குத் தெரியும், அவளைப் பற்றி அங்கே இன்னும் கதை சொல்கிறார்கள்.

தகப்பனுக்கு? அரச துறையில் மூன்று நாள். தனியாரில் சட்டப்படி ஒன்றும் இல்லை. மூன்று நாளில் ஆஸ்பத்திரிக்கு இரண்டு தடவை சாப்பாடு கொண்டு போகலாம்.

கொலனிக் காணி மகளுக்கு எழுதலாமா?

இது அம்பாறைப் பக்கம் அதிகம் வருகிற கேள்வி. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் அணை கட்டி, காட்டை வெட்டிக் குடியேற்றிய காணிகளெல்லாம் 1935ஆம் வருடக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்தவை. காணிக்காரர் வாரிசு நியமிக்காமல் இறந்தால் 2022 வரை அந்தச் சட்டத்தின் பட்டியல் மகளுக்கு முன் மகனைப் பார்த்தது. எங்கள் வழக்கம் மகளுக்கு, அரசாங்கக் காணியின் வழக்கம் மகனுக்கு. மத்திய முகாம் பக்கம் தாயைப் பார்த்த மகள் காணியிலிருந்து எழும்ப, பத்து வருடமாக ஊரிலேயே இல்லாத அண்ணன் பெயருக்கு அது போன கதைகள் இருக்கின்றன.

2022இல் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்த ஆண் முன்னுரிமையை எடுத்துவிட்டது. இப்போது மகன், மகள் என்ற பாகுபாடு இல்லை. ஆனாலும் என் யோசனை, காணிக்காரர் உயிரோடு இருக்கும்போதே பிரதேச செயலகத்தில் வாரிசை எழுத்தில் நியமித்துவிடுங்கள். செத்த பிறகு சட்டம் கதைப்பதைவிட இருக்கும்போது ஒரு கையெழுத்து லேசு.

படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று யாரைப் போடுவது?

யாரைப் போட்டாலும் சண்டை வராதென்றால் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் இந்த ஒரு சொல் எங்களுக்குச் செய்த வேலை கொஞ்சநஞ்சம் இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து நாவலடியிலிருந்து கல்முனை, மருதமுனை தாண்டிக் கரையெல்லாம் வழித்துக்கொண்டு போனது. போனதில் பெரும்பகுதி பெண்கள் பேரில் இருந்த சீதன வீடுகள். பிறகு புது வீடு கொடுக்கும்போது "குடும்பத் தலைவர் யார்?" என்று கேட்டு ஆண் பெயரை எழுதினார்கள். தாய், அம்மம்மா என்று தலைமுறையாகப் பெண் பேரில் வந்த ஒன்று ஒரே படிவத்தில் கை மாறியது. மட்டக்களப்பில் பெண்கள் அமைப்புகள் இதை எதிர்த்துக் கதைத்தன, சில இடங்களில் பலித்தது, பல இடங்களில் இல்லை.

நாட்டில் ஏறக்குறைய நான்கில் ஒரு வீட்டைப் பெண்தான் கொண்டு நடத்துகிறாள். யுத்தம் நடந்த எங்கள் பக்கத்தில் அந்தப் பெண்களின் முகம் எல்லோருக்கும் தெரியும். காணாமல் போன புருசனின் பெயரை இன்னும் தலைவர் என்று எழுதிவிட்டு, கையெழுத்து இடத்தில் முழிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

முஸ்லிம் குடும்பங்களில் வேறு மாதிரியா?

வீடு விஷயத்தில் அவர்களும் நாங்களும் ஒன்று, ராத்தாமாரின் கவலையும் எங்கள் அக்காமாரின் கவலையும் ஒன்று. மருதமுனையில் தறியில் இருக்கும் பெண்ணுக்கு நெய்த அளவுக்குத்தான் காசு, விலையை வைப்பது வேறு ஆள். வித்தியாசம் சட்டத்தில். 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி விவாக வழக்கு விசாரிக்கும் காதியார் ஆணாகத்தான் இருக்கலாம், மணப்பெண் பதிவில் கையெழுத்துப் போடுவதில்லை. அதே சட்டத்தில் நல்ல பக்கமும் உண்டு, மாப்பிள்ளைப் பக்கத்துக்குக் கொடுத்த கைக்கூலிக் காசைத் திரும்பக் கேட்டுப் பெண் காதியாரிடம் போகலாம். இதற்குமேல் நான் சொல்வதைவிட அந்தச் சட்டத்தைத் திருத்தச் சொல்லிப் பல வருடமாகக் கேட்கிற முஸ்லிம் பெண்களிடமே கேளுங்கள்.

பெண்களுக்குத்தானே லோன் எல்லாம் கொடுக்கிறார்கள்?

ஆமாம், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று கொடுத்தார்கள், கிழமைக்குக் கிழமை வாசலில் வந்து நின்று வாங்கினார்கள். ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் பிணை. லோன் அவள் பேரில், காசு புருசனின் வலைக்கோ முச்சக்கரவண்டிக்கோ, அறவிட வருகிறவன் முன்னால் நிற்பது அவள். 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடனைத் தள்ளுபடி செய்யவும், வட்டிக்கு 35 வீத உச்சம் வைக்கவும் அரசு முன்வந்தது. 35 வீதம் என்பது கட்டுப்பாடு என்றால் அதற்கு முன் என்ன வாங்கியிருப்பார்கள் என்று யோசியுங்கள்.

சரி, கூலியோ சம்பளமோ குறைத்தால் எங்கே போவது?

தொழில் அலுவலகத்துக்கு. போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். எந்தத் திகதி, எத்தனை மணித்தியாலம், கையில் கிடைத்தது எவ்வளவு என்று உங்கள் கொப்பியில் அன்றன்றைக்கே எழுதி வையுங்கள், சம்பளச் சிட்டை தந்தால் எறியாதீர்கள், தராவிட்டால் தரவில்லை என்றும் எழுதுங்கள். எதிர்ப்பக்கம் கொப்பி வைத்திருக்கும், எழுதியவள் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் கொப்பி உங்களுக்காக எழுதப்படுவதில்லை. வீட்டு வன்முறை, தொந்தரவு என்றால் 1938 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம், பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர் இருப்பார்.

வயல் கூலிக்கு அலுவலகம் போய் வெல்வது கஷ்டம். அங்கே பலித்ததை ஒரு தடவைதான் பார்த்தேன். களை பிடுங்கப் போகிற பதினான்கு பேர் சேர்ந்து, இந்தக் காசுக்குக் குறைந்தால் யாரும் இறங்குவதில்லை என்று முதல் நாள் இரவே பேசி வைத்தார்கள். மழை வரப்பார்த்தது, வயல்காரப் போடியாருக்கு வேறு வழியில்லை. அடுத்த போகத்துக்கு அவர் வேறு ஊரிலிருந்து ஆட்களை லாண்ட்மாஸ்டரில் ஏற்றி வந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நீங்கள் இவ்வளவு கதைக்கிறீர்கள், உங்கள் வீட்டில் தேத்தண்ணி ஊற்றுவது யார்?

இந்தக் கேள்விதான் எனக்கு அதிகம் வருகிறது. காலையில் அவர். இஞ்சி போட்டு நல்லாகத்தான் ஊற்றுவார், சீனி கொஞ்சம் கூட. பின்னேரம் நான். யாராவது விருந்தாளி வந்தால் எந்த நேரம் என்றாலும் நான்தான், ஏனென்றால் அவர் ஊற்றிக் கொண்டு வந்தால் வந்தவர்கள் எனக்கு என்ன வருத்தம் என்று விசாரிக்கிறார்கள்.